மொதல்ல நீ வாயை மூடு, தாயி

ஆத்தா, நீ கொரியாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கப் போற சங்கதி ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. பால்காரன்கூட ‘பாப்பா எப்பக் கெளம்புது’ன்னு கேட்டுட்டுத்தான் பால ஊத்துறான். சந்தோசம். பி.ஏ. இங்கிலீஷு, பி.எட்., ரெண்டும் பீரோக்குள்ள சும்மா கெடந்துச்சு. 2010 சனவரியில இந்தியாவுக்கும் தென்கொரியாவுக்கும் ஒரு வியாபார ஒப்பந்தம் நடப்புக்கு வந்துச்சுல்ல, அதுல நம்மாளுகளும் அங்கன துணை ஆசிரியரா வரலாம்னு ஒரு கதவத் தொறந்து வெச்சாங்க. அதுக்கு முந்தி அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்த ஏழு நாட்டாளுகளுக்குத்தான் அந்த வேலை. இன்னைக்கும் அவங்கதான் அங்க நெறைய. நீ போ. தைரியமாப் போ. ஆனா லேமினேட் பண்ணின அட்டைகளப் பொட்டி நெறைய அடுக்கி வெச்சிருக்கியே, அதப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது.

நல்ல டீச்சர்னு பேரெடுக்க ஒரு சுருக்கு வழி இருக்கு, சொல்லவா? வகுப்பு 40 நிமிசம். அதுல 30 நிமிசம் நீயே பேசு. அம்புட்டையும் இங்கிலீஷ்லயே பேசு. பிள்ளைக ஆன்னு பாத்துக்கிட்டிருக்கும். நடுவுல ஒரு தடவ ‘ஹவ் ஆர் யூ’ன்னு கேளு. மொத்த வகுப்பும் ஒரே ராகத்துல ‘ஐம் ஃபைன், தேங்க்யூ, அண்ட் யூ’ன்னு முழங்கும். காச்சலோட வந்த பிள்ளயும் அதத்தான் சொல்லும். அடடா, என்னா இங்கிலீஷுன்னு பூரிச்சுப்போயி எங்களுக்கு வீடியோ எடுத்து அனுப்பு. உங்கப்பன் தெருவெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியட்டும்.

அந்த ஆசை இல்லேன்னா இந்தக் கெழவன் சொல்லுறதக் கேளு.

‘தாத்தனுக்கு என்ன தெரியும்’னு மொணங்காத. உங்க பெரியப்பன் கொரியாவுல தேஜோன்ல ஆராய்ச்சி பண்ணுறேன்னு குடும்பத்தோட கெடந்தப்ப, நானும் அங்கன போயி குளிர்ல வெறச்சவன்தான். பேரன் மூணாப்புப் படிச்சான். அந்த நாட்டுல 1997-லருந்து மூணாப்புலதான் பள்ளிக்கூட இங்கிலீஷு ஆரம்பம். வாரத்துக்கு ரெண்டு பீரியடு. அஞ்சாப்பு, ஆறாப்பு போனா மூணு. அம்புட்டுத்தான்னு நெனச்சிராத. ஹாக்வான்னு தெருவுக்குத் தெரு ட்யூசன் கடை. சியோல்ல ராத்திரி 10 மணிக்கு மேல நடத்தக் கூடாதுன்னு சர்க்காரே விதி போடுற அளவுக்குப் போயிருச்சு. அதே சியோல்ல தேச்சின்னு ஒரு பேட்டை. அங்க பேர்போன இங்கிலீஷ் ஹாக்வான்ல சேர்றதுக்கே நொழைவுத் தேர்வு வெச்சாங்க. ஊருக்குள்ள அதுக்கு ‘ஏழு வயசு கோசி’ன்னு பட்டப்பேரு. கோசின்னா நம்ம ஐ.ஏ.எஸ். மாதிரியான பெரிய பரீட்சை. ஏழு வயசுங்கிறது அவங்க பழைய கணக்கு. நம்ம கணக்குக்கு அஞ்சோ ஆறோ. நீயெல்லாம் அந்த வயசுல மூக்க ஒழுகவிட்டுக்கிட்டு வேப்பமரத்தடியில மண்ணு தின்ன.

இன்னொண்ணு கேளு. நவம்பர்ல பன்னெண்டாப்புப் பிள்ளைகளுக்குச் ‘சூனுங்’னு ஒரு பரீட்சை. அதுல இங்கிலீஷக் காதால கேட்டு பதில் எழுதுற நேரம் வந்திருச்சுன்னா, அரை மணிக்கு மேல ஒரு ஏரோப்ளேன் எறங்கக் கூடாது, ஏறக் கூடாது. வந்தது வானத்துலயே சுத்திக்கிட்டுக் கெடக்கணும். நம்மூர்ல பரீட்சைக் காலத்துல கோயில் மைக்செட்டக் கொஞ்சம் கொறைங்கடான்னாக்கூட அடிக்க வருவான்.

ஆக, நீ வகுப்புக்குள்ள போறப்பவே அந்தப் பிள்ளைக ரெண்டு சாதியா ஒக்காந்திருக்கும். ஒண்ணு, இங்கிலீஷ் பாலர் பள்ளியிலருந்தே அரைச்சுக் குடிச்சது. இன்னொண்ணு, ஏ பி சி டிய இப்பத்தான் பாக்குது. ரெண்டாவது பிள்ளைக்கு வாயத் தொறக்கவே கூச்சம். தப்பாச் சொன்னா நாலு பேரு முன்னாடி மானம் போயிருமேன்னு பயம். நீ பொட்டி நெறைய அட்டை கொண்டுபோயி என்ன செய்ய, அந்த வாயத் தொறக்க வழி பாக்கலேன்னா?

வருசத்துல ஒரு நாளு பெத்தவங்களக் கூப்பிட்டு வகுப்ப வேடிக்க பாக்கச் சொல்லுவாங்க. பெரியப்பனுக்கு நேரமில்லன்னு நான் போயி பின்னாடி சொவரோரம் நின்னேன். டீச்சரம்மா தரையில அட்டைகள வரிசையாப் போட்டுச்சு. வெயிலு, மழை, மேகம், காத்து, பனின்னு படம். இந்த மொனையில ஒரு கட்சி, அந்த மொனையில ஒரு கட்சி. ரெண்டு பக்கமிருந்தும் ஆளுக்கு ஒருத்தரு பொறப்பட்டு, ஒவ்வொரு அட்டைக்கும் ‘இட்ஸ் சன்னி’, ‘இட்ஸ் ரெய்னி’ன்னு சொன்னாத்தான் அடுத்த அட்டைக்கு நகரலாம். நடுவுல முட்டிக்கிட்டா நின்னு ‘காவி பாவி போ’. மொத தடவ கேட்டப்ப என்னடா பிள்ளைக இப்படி வையுதுகன்னு நெனச்சேன். பெறகு பேரன் சொன்னான்: கத்திரி, பாறை, துணி. கத்திரி துணிய வெட்டும், துணி பாறைய மூடும், பாறை கத்திரிய ஒடைக்கும். அந்த நாட்டுல யாரு மொதல்ல போறது, மிச்சமான பலகாரம் யாருக்கு, எல்லா வழக்குக்கும் இதுதான் கோர்ட்டு. அப்பீல் கெடையாது. தோத்தவன் வாயப் பொத்திக்கிட்டு வரிசைக்குப் பின்னால போயிருவான், அவன் கட்சியில அடுத்த ஆளு மொனையிலருந்து வரும்.

கண்ணாடி போட்ட பய ஒருத்தன் சரசரன்னு வந்தான். பாத்தாலே தெரிஞ்சுச்சு, ஹாக்வான்ல ஊறுனது. எதிர்ல ரோஸ் கலர் வகுப்புச் செருப்புப் போட்ட ஒரு பொட்டப்பிள்ள, மொத அட்டையத் தாண்டல. முட்டுனாங்க. இவன் துணி, அவ கத்திரி. தீந்துச்சு சோலி, பய திரும்பி ஓடினான். இப்ப அந்தப் பிள்ளைக்கு மேகத்து அட்டை. வாய் வரல. பின்னாலருந்து அவ கட்சி மொத்தமும் ‘க்ளௌடி, க்ளௌடி’ன்னு குசுகுசுக்குது. டீச்சரம்மா காதுலயும் விழத்தான் செஞ்சுச்சு. ஆனா அந்தம்மா அந்நேரம் பாத்துச் சன்னலச் சாத்தப் போயிருச்சு. பிள்ள சொல்லிருச்சு. அடுத்த அட்டையும் சொல்லிருச்சு. எதிராளி மொனையவும் தொட்டுருச்சு. தாயி, அந்த விளையாட்டக் காட்டிலும் எனக்குப் பிடிச்சது அந்தம்மா சன்னலச் சாத்தப் போனதுதான்.

இதுல ரெண்டு சூட்சுமம் இருக்கு. மொதலாவது, இங்கிலீஷு அந்த விளையாட்டுல டோல்கேட்டு. காசக் குடுக்காம வண்டி நகராது. ரெண்டாவது, ஜெயிக்கிறது அறிவால மட்டுமில்ல, அதிர்ஷ்டத்தாலயும். அறிவால மட்டும்னு வெச்சேன்னா அந்தக் கண்ணாடிப் பயதான் வருசம் பூரா ஜெயிப்பான். மத்ததுக கைதட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கும். அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு குடுத்துப் பாரு, தோத்தாலும் ‘கத்திரி விழல’ன்னு சொல்லிக்கலாம், மானம் போகாது. எந்த விளையாட்டக் கொண்டுபோனாலும் இந்த ரெண்டு கேள்வியக் கேட்டுப் பாத்துக்கோ, போதும்.

ஈ அடிக்கிற மட்டைய எடுத்துக்க. பலகையில சொல்ல எழுதிப் போட்டு, ரெண்டு பிள்ளைக கையில மட்டையக் குடுத்து, நீ சொல்லுற சொல்ல யாரு மொதல்ல அடிக்கிறான்னு பாக்குறது. அங்க அதுக்கு ஏகப்பட்ட கிராக்கி. டப்பு டப்புன்னு சத்தம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனா பேசுனது யாரு? நீ. அடிச்சது ரெண்டு பேரு. மிச்ச இருவது பேரு கத்திக்கிட்டிருந்துச்சு, அதுவும் கொரிய மொழியில. ஈ செத்துச்சு, இங்கிலீஷு பொறக்கல. வகுப்புல இருக்குற பிள்ளைக சேந்து வாக்கியமாச் சொல்லணும், மட்டைக்காரன் அடிச்சிட்டுத் திரும்பச் சொன்னாத்தான் பாயிண்டுன்னு மாத்து. பிங்கோவும் இதே கூத்துதான். நீயே கூப்பிட்டுக்கிட்டிருந்தா உனக்குத்தான் பாடம். கூப்பிடுற வேலையப் பிள்ளைககிட்டக் குடு.

முட்டை விளையாட்டுன்னு ஒண்ணு. எல்லாரும் முட்டையாக் குத்தவெச்சு நடந்து, இன்னொரு முட்டையப் பிடிச்சு ஒரு கேள்வி கேட்டு, பதில் சொல்லி, காவி பாவி போ. ஜெயிச்சது குஞ்சாகும், அப்புறம் கோழியாகும். தோத்தா எறங்கணும். பிரமாதமான விளையாட்டு, ஆனா ரெண்டாவது நிமிசத்துலயே கேள்வி பதில முழுங்கிட்டு வெறுங்கைய நீட்டிக்கிட்டுத் திரியும். கொரியப் பிள்ளைக நம்ம பிள்ளைகளுக்குக் கொறைஞ்ச களவாணிக இல்ல. அதுகளுக்கு நடுவுல நீ திரி. பேசாமக் கைய நீட்டுனது ரெண்டும் மறுபடி முட்டை.

அதிர்ஷ்டத்துக்குன்னே பொறந்தது புயல் விளையாட்டு. கட்டம் போட்டு வெச்சு, கேள்விக்குப் பதில் சொன்ன கட்சி ஒரு கட்டத்தத் தொறக்கும். உள்ள பத்துப் பாயிண்டும் இருக்கும், எதிராளி பாயிண்ட அடிச்சுக்கிட்டுப் போற புயலும் இருக்கும். ஆடிக்கும் ஆவணிக்கும் நெசப் புயல் அடிக்கிற ஊரு, சொல்லிக்குடுக்கவே வேணாம். நாப்பது பாயிண்டோட நெஞ்ச நிமித்திக்கிட்டிருந்த கட்சி ஒரே நொடியில சைபராப் போறப்ப எழும்புற சத்தம் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேக்கும். போயி முன்கூட்டியே பக்கத்து டீச்சருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சிரு.

மாசப்பேருக்கு மட்டும் அவங்க விளையாட்டையே வாங்கிக்க. கொரியாவுல சனவரி, பிப்ரவரின்னெல்லாம் பேரு கெடையாது. ஒண்ணாம் மாசம், ரெண்டாம் மாசம், கதை முடிஞ்சுச்சு. அதனால இங்கிலீஷ் மாசம் பன்னெண்டும் அதுகளுக்கு மண்டையிடி. நுன்ச்சி விளையாட்டுன்னு ஒண்ணு அதுகளுக்கு ஏற்கெனவே தெரியும். யாரும் யாரையும் கூப்பிடாம, திடீர்னு ஒருத்தர் எந்திரிச்சு ‘ஒண்ணு’ம்பாரு, இன்னொருத்தர் ‘ரெண்டு’ம்பாரு. ரெண்டு பேரு ஒரே நேரத்துல எந்திரிச்சா அவுட்டு. கடைசி வரைக்கும் எந்திரிக்காதவனும் அவுட்டு. ஒண்ணு ரெண்டுக்குப் பதிலா ஜனவரி, ஃபிப்ரவரி போடு. வாயத் தொறக்காம ஒக்காந்திருக்கிறதே தோல்விங்கிற விளையாட்டு இது ஒண்ணுதான். இந்தக் கண்டுபிடிப்புக்காகவே அந்த நாட்டு மக்களக் கும்பிடலாம்.

நாக்கு விசயத்துல ரொம்பக் கறாரா இருக்காத. அவங்க எழுத்துல ‘எஃப்’ கெடையாது. நம்மளுதுலயும் கெடையாது, நாம ஆய்த எழுத்தப் பக்கத்துல நிறுத்தி ஒப்பேத்துறோம். அவங்க ‘கொப்பி’ குடிக்கிறாங்க, நாம காப்பி குடிக்கிறோம், ரெண்டு பேருக்கும் தலவலி தீருது. வாய்க்கு முன்னால ஒரு துண்டுக் காகிதத்தப் பிடிச்சு ‘பி’ சொல்லச் சொல்லு, காகிதம் துள்ளும். பல்ல ஒதட்டுல வெச்சு ‘எஃப்’ சொல்லச் சொல்லு, அடங்கி ஆடும். ஐஸ்கிரீமுக்குக் கைதட்டச் சொல்லு. அதுக ‘ஆ–இ–சு–கு–ரிம்’னு அஞ்சு தட்டு தட்டும், இங்கிலீஷுக்கு ரெண்டே தட்டு. சிரிச்சுக்கிட்டே திருந்திக்கும். நீ பஸ்ஸ ‘பஸ்ஸு’ங்கிறத அதுக கண்டுபிடிக்கிற வரைக்கும் உன் பாடு தேவலாம்.

பெரிய பெரிய ஏற்பாடெல்லாம் அங்க செஞ்சு பாத்துட்டாங்க. 2006-ல பாஜூங்கிற ஊருல இங்கிலீஷுக்குன்னே ஒரு கிராமத்தக் கட்டி, பாஸ்போர்ட் காட்டி இங்கிலீஷ்ல பதில் சொல்லிட்டு உள்ள வாங்கன்னு பிள்ளைகள நிறுத்துனாங்க. அம்புட்டுக் காசுக்கும் அங்க கட்டுனது பேசுனாத்தான் வழிங்கிற ஏற்பாடு. அத நீ வகுப்புல கதவோரம் நின்னு, ‘மே ஐ கோ அவுட்’னு சொன்னாத்தான் சாப்பாட்டுக்கு விடுவேன்னா முடிஞ்சுச்சு. 2025 மார்ச்சுல செயற்கை நுண்ணறிவுப் பாடப்புத்தகம்னு கம்ப்யூட்டரக் கொண்டாந்து வெச்சாங்க. ஆகஸ்டுலயே சட்டத்தத் திருத்தி, அது பாடப்புத்தகமில்ல, துணைச் சாமான்தான்னு எறக்கிவிட்டுட்டாங்க. காவி பாவி போவ இன்னும் எந்தச் சட்டமும் எறக்கல.

அப்புறம் விதி. விளையாட்டுக்கு விதி சொல்லுறேன்னு பத்து நிமிசம் வழவழன்னு பேசாத. உன்கூட வகுப்புல ஒரு கொரிய டீச்சர் இருப்பாங்க. அவங்கள ஓரமா ஒக்கார வெச்சிட்டு நீ சாமியாடாத. ரெண்டு பேரும் முன்னால நின்னு ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. அவங்க தோக்கட்டும்னு ஆசப்படாத, நீ தோத்துக்க. எதக் குடுத்தாலும் வாங்குனாலும் ரெண்டு கையால. அவங்க சொன்னாத்தான் பிள்ளைக அடங்கும், அத மறந்துறாத.

பரிசுக்கு மிட்டாய் மூட்டை கட்டாத. மிட்டாய் குடுத்துப் பழக்குனா, அடுத்த வாரம் ‘டீச்சர், கேண்டி’ங்கிற ஒரே வாக்கியத்த மட்டும் பிழையில்லாமப் பேசும். ஸ்டிக்கரே ஏதேஷ்டம். தோத்த கட்சிக்கும் ஒண்ணு ஒட்டு.

கடைசியா ஒண்ணு. பாயிண்டு எழுதுறேன்னு பிள்ளைக பேரச் செவப்புல எழுதிறாத. அந்த ஊருல உசுரோட இருக்குறவன் பேரச் செவப்புல எழுதுனா ஆகாதும்பாங்க, வகுப்பே வீறிடும். பொட்டியில அந்த அட்டைகளப் பாதி எறக்கி வெச்சிட்டு, நீலமும் கறுப்புமா மார்க்கர் வாங்கி வெச்சுக்க. மார்ச்சு மாசம் பள்ளிக்கூடம் தொறக்கும். அதுக்குள்ள கத்திரி, பாறை, துணியக் கையில நல்லாப் பழகிட்டுப் போ.