செப்டெம்பர் வரிசைக்காரர்

வரிசைக்காரர் என்பவர், பாடசாலைக் கிரிக்கெட் பருவம் தொடங்கி இரண்டு மெச் முடிவதற்குள் எந்த அணி முதலாவது, எது ஒன்பதாவது என்று தீர்த்துவிடும் மனிதர். கல்முனை முதல் பொத்துவில் வரை ஏ4 வீதியோரத் தேத்தண்ணிக் கடைகளில் பரவலாகக் காணப்படுவார். அஸருக்குப் பிறகு ஒருமுறை, இஷாவுக்குப் பிறகு ஒருமுறை கட்டாயம் தென்படுவார். கையில் சீ.ஆர். கொப்பி, காதில் பேனை. பொடியன்களுக்கு இவர் காக்கா. தமிழ்க் கிராமமான கோமாரியில் இதே ஆள் அண்ணன். கோமாரி வகை கொஞ்சம் கடுமையானது. கல்முனை சந்தாங்கேணி மைதானம் ஐம்பது கிலோமீற்றருக்கும் அப்பால் கிடப்பதால், ஆட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புக் குழம்பும் ஆபத்து அங்கே அறவே இல்லை.

இலங்கையில் 19 வயதுக்குட்பட்டோர் கடினபந்துப் பருவம் வழக்கமாகச் செப்டெம்பரில் தொடங்கி, மார்ச் அளவில் பிக் மெச்சுகளோடு அடங்கும். கொழும்புக்கு வசதியான காலம். கிழக்குக் கரைக்கோ, கச்சான் ஓய்ந்து வாடை கிளம்பியதும் வடகீழ்ப் பருவமழை இறங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் மைதானத்தில் பந்துக்குப் பதில் தவளைதான் துள்ளும். எனவே வரிசைக்காரரின் கையில் சேர்வது இரண்டு மெச் விபரம், மிஞ்சினால் மூன்று. அது அவருக்குத் தாராளம்.

இந்த மூன்றை வைத்து எதையும் நிறுவலாம் என்பதற்குக் கணக்கே துணை நிற்கிறது. துடுப்பாட்டச் சராசரி என்பது மொத்த ஓட்டத்தை ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்பது. தொடக்க வீரன் 52, 40, 1 என்று எடுத்து மூன்று முறையும் ஆட்டமிழந்தால் சராசரி 31. பதினோராவதாக இறங்கும் பொடியன் 11, 9, 14 என்று அடித்து, ஒரேயொரு முறை ஆட்டமிழந்தால் அவனுக்கு 34. பருவம் நீண்டால் இந்த வேடிக்கை தானாகக் கரைந்துவிடும். வரிசைக்காரர் அதுவரை காத்திருப்பதில்லை. பதினோராம் ஆளை நாலாவதாக இறக்கச் சொல்லி கோச்சுக்கு ஆள் அனுப்புவார்.

வரிசையின் பெரும்பகுதி உண்மையில் போன வருசத்துச் சரக்கு. பாடசாலை அணிக்கும் கழக அணிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். கழகத்தில் நாற்பது வயதுக்காரரும் தொப்பையோடு விக்கெட் காப்பார். பாடசாலையில் வயது ஏறினால் வெளியே போக வேண்டியதுதான். போன பருவம் எதிரணிகளை உருட்டிய வேகப்பந்து வீச்சாளன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான், தலைவன் த்ரீவீலர் ஓட்டுகிறான். அவர்கள் எடுத்த விக்கெட்டும் ஓட்டமும் மட்டும் பாடசாலையை விட்டுப் போகாமல் கொப்பியில் தங்கி, அணியை மூன்றாம் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கின்றன. புதுப் பொடியன்களைப் பற்றிய தகவல் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துத் திரட்டப்படுவது. புதுச் சப்பாத்து, பெரிய கிட் பேக், மாமா ஒருவர் மென்பந்தில் பேர் பெற்றவர் என்ற செய்தி ஆகியவை இதில் அடங்கும்.

வரிசையில் முதலிடம் வரிசைக்காரர் படித்த பாடசாலைக்கு. இது விதி, விவாதத்துக்குரியதல்ல. சொந்த அணி தோற்றால், தோற்கடித்த அணி ஒன்பதிலிருந்து இரண்டுக்கு ஏறும். இரண்டாம் இடத்து அணியிடம் தோற்பதில் அவமானம் இல்லையல்லவா? இரண்டு நாள் ஆட்டம் முடிவு காணாமல் போனால் முதல் இன்னிங்ஸ் முன்னிலையைப் பார்ப்பது போட்டி வழக்கம். வரிசைக்காரர் ஆடாத இன்னிங்ஸையும் சேர்த்தே பார்ப்பார்.

“காக்கா, அந்த மெச்சுல பந்தே போடல்லயே, மழதானே?”

“மழ பெய்யாட்டி ஆரு வெண்டிருப்பாங்க, தம்பி?”

“நம்மடாக்கள்தான்.”

“மறுகா என்ன கேள்வி?”

கொழும்பு அணிகளைப் பட்டியலில் சேர்ப்பதில் இவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1879இல் தொடங்கிய றோயல்–தோமியன் போட்டி, தரவரிசை எதையும் பாராமல் கூட்டம் சேர்க்கிறது. அது விளையாட்டல்ல, கலியாண வீடு என்பது இவர் முடிபு. (முழுக்கப் பிழையென்றும் சொல்ல முடியாது.) கண்டிப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை சென் அந்தனீஸில் படித்த முத்தையா முரளிதரனுக்கு 1991இல் ஒப்சேவர் சிறந்த பாடசாலை வீரர் விருது கிடைத்ததை மட்டும் மன்னித்துவிடுவார். ஆனால் ஒரு குறை: பருவம் முழுக்க ஆடி முடிந்த பிறகுதான் கொடுத்தார்களாம். செப்டெம்பரிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டாமா?

இந்த வகை நமது கரைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் உயர்பள்ளி பேஸ்பால் அணிகளை, ஒரு பந்துகூட வீசப்படுமுன் வரிசைப்படுத்தி வெளியிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே வரிசை புரள்வதும் அடுத்த வாரம் புது வரிசை வருவதும் அங்கே வழமை. வரிசைக்காரர் இதைக் கேள்விப்பட்டால் மெச்சமாட்டார். அவர் வரிசையில் முதலிடம் புரள்வதில்லை. முடிவுகள்தான் அதற்கேற்ப விளக்கப்படும்.

மழை விட்டு, தை பிறந்து, தள்ளிப்போட்ட ஆட்டங்கள் அடுத்தடுத்து நடக்கும்போது உண்மையான தரம் தெரியத் தொடங்கும். அந்த நேரத்தில் இவரைக் கடையில் காண்பது அரிது. வந்தாலும் ப்ளேன்டீயை ஊதிக் குடித்துவிட்டு நெல் விலை பேசுவார். மார்ச்சில் இறுதி நிலைகள் வெளியாகும்போது சீ.ஆர். கொப்பி தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கும். பின்மட்டையிலிருந்து தொடங்கும் பக்கங்களில் உதைபந்தாட்ட அணிகள், ஒன்று முதல் ஒன்பது வரை.