பெரியப்பா கேட்ட கண்ணாடிக் கேள்விக்கு ஈஸ்ட் ஹாமிலிருந்து விளக்கம்



இங்கிலாந்தின் பழைய வரிசை வீடுகளில் காணப்படும் சாஷ் ஜன்னல் என்பது, மேலொன்றும் கீழொன்றுமாக அமைந்த இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் பக்கவாட்டில் திறவாமல் செங்குத்தாக ஏறியிறங்கும்படி செய்யப்பட்ட மரவேலையாகும். நிலையின் இருபுறமும் உள்ள மரப்பெட்டிக்குள் வார்ப்பிரும்பு எடைகள் மறைவாகத் தொங்குகின்றன. கப்பியின் வழியே செல்லும் கயிறு அவற்றைச் சட்டத்தோடு பிணைத்திருப்பதால், நல்ல கனமுள்ள சட்டம்கூட இரண்டு விரலுக்கு அடங்கி மேலே போகிறது. கயிறு அறுந்துவிட்டாலோ, கீழே நீட்டியிருப்பது யாருடைய கழுத்து என்று விசாரிக்காமல் இறங்கிவிடுகிறது.

இந்த ஜன்னலைப் பற்றித் தொலைபேசியில் பெரியப்பா அவர்கள் எழுப்பிய வினா, "டவுனில் கண்ணாடிக் கடைக்காரன் டீ குடித்து முடிப்பதற்குள் வெட்டித் தருகிற ஒரு துண்டுக் கண்ணாடிக்கு அங்கே மூன்று வாரமா?" என்பது. வினா நியாயமானது, விடைதான் சற்று நீளமானது. சுயபுராணம் கலந்த கடிதங்களைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பிய தமிழாசிரியருக்கு எழுதப்படுவதால், இவ்விளக்கத்தில் தம்பி மகன் படர்க்கையிலேயே நடமாடுகிறான். அவன் நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருக்கும் ஜன்னல் மக்கு மட்டும் தன்மையா, படர்க்கையா என்று பெரியப்பா அவர்களே தீர்ப்பளிக்கலாம்.

ஊர் வீட்டுப் பட்டாசல் ஜன்னலின் வேலை, கள்ளனையும் பூனையையும் கம்பியால் தடுத்துக் காற்றை உள்ளே விடுவது. தம்பி மகன் குடியிருக்கும் ஈஸ்ட் ஹாம் வீட்டு ஜன்னலின் வேலை, காற்றைக் கண்ணாடியால் தடுத்துக் கள்ளனைப் போலீசிடம் விட்டுவிடுவது. கம்பியே இல்லாத ஜன்னலில் கண்ணாடி உடைந்தால், ஜன்னல் என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. நவம்பர் மாதத்துக் குளிர் நேராகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடியை உடைத்தது யார் என்பது இங்கு ஆராய்ச்சிக்கு உரியதன்று. பேரன் ஆஃப் சைடில் நன்றாக ஆடுகிறான் என்பதை மட்டும் பெரியப்பா அவர்கள் குறித்துக்கொண்டால் போதும்.

சட்டத்தில் கண்ணாடியை நிறுத்திவைப்பது மக்கு. வெள்ளைச் சாக்குக்கட்டித் தூளும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த இந்தக் கலவை, காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல உறிஞ்சி இறுகுவது. இறுகுவதற்கு எவ்வளவு நிதானம் காட்டுகிறதோ, நூறாண்டு கழித்துப் பிரிவதற்கும் அவ்வளவு பிடிவாதம் காட்டுகிறது. எனவே உடைந்த துண்டுகளைத் தடித்த கையுறையோடு உருவிய பிறகு, காடியில், அதாவது கண்ணாடி உட்காருவதற்காகச் சட்டத்தில் செதுக்கிய படிவெட்டில், கல்லாகிக் கிடக்கும் பழைய மக்கைச் சூடு காட்டி இளக்கி, உளியால் மரம் நோகாமல் எடுக்க வேண்டும். பழைய வீட்டுப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அளவுமீறிச் சூடேற்றக்கூடாது, காய்ந்தபடியே தேய்த்துத் தூசி கிளப்பவும் கூடாது. ஈரம் தொட்டுத் தேய்த்து, துடைத்த துணியை உறையில் கட்டிப் போட வேண்டும். பக்கத்துக் கண்ணாடிக்குச் சூடு பட்டால் அதுவும் விரிசல் விடும் என்பதால், ஒன்றைப் பழுதுபார்க்கப் போனவன் இரண்டுக்குக் கடை தேடும் நிலை இத்தொழிலில் புதிதன்று.

வெறும் மரம் எண்ணெயைக் குடித்துவிடும். எண்ணெய் போனால் மக்கு பொரிந்து உதிரும். ஆகவே முதலில் காடிக்கு ஒரு பூச்சு பிரைமர். அது காய்ந்தபின், கொழுக்கட்டைக்கு மாவு உருட்டுவது போல மக்கைக் கைச்சூட்டில் பிசைந்து இளக்கி, காடியின் உள்விளிம்பில் மெத்தையாக ஓட்டி, நீளத்திலும் அகலத்திலும் காடியைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறைத்து வெட்டிய கண்ணாடியை அதன்மேல் அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் உடையும். ஓரத்தில் அழுத்தினால் உட்காரும். பிறகு தலையில்லாத சிற்றாணிகளைக் கண்ணாடியோடு ஒட்டி மரத்தில் இறக்கி, வெளிப்புறம் மீண்டும் மக்கு வைத்து, கத்தியை ஒரே சாய்வில் பிடித்து, மூலையிலிருந்து மூலைக்குக் கை எடுக்காமல் இழுக்க வேண்டும். இடையில் கை நின்றால் அந்த இடம் தெருவில் போகிற எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், ஆயுள் முழுக்கத் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாலையைக் கடந்து வந்து அந்தக் கோட்டை மூக்கு படுமளவு குனிந்து பார்த்துவிட்டு, "மோசமில்லை" என்றார். இந்நாட்டில் அதற்கு மேல் ஒரு பாராட்டு வழக்கத்தில் இல்லை என்பதை ஊரில் நாலு பேருக்குச் சொல்வதில் தம்பி மகனுக்கு ஆட்சேபணை கிடையாது.

மூன்று வாரம் என்னும் கணக்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மக்கின்மேல் ஆடை படிந்த பிறகே பெயிண்ட் அடிக்கலாம். குளிரைப் பொறுத்து ஒரு வாரத்தில் படியலாம், மூன்று வாரமும் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் காவல் காக்க வேண்டியது மழையிலிருந்து மட்டுமன்று. நீலச் சிட்டு என்றொரு சிறு பறவை, உள்ளங்கையில் அடங்குவது, ஆளிவிதை எண்ணெய் வாசனையில் சொக்கி, புது மக்கைக் கொத்தித் தின்கிறது. மூன்று ஓரங்களில் கொத்திய தடத்தைக் கண்ட பிறகு, தகவல் தொழில்நுட்பத் துறையில் மூத்த பொறியாளர் எனப்படும் ஒருவன் அலுவலகக் கூட்டத்தைக் காதில் மாட்டிக்கொண்டு கையில் துண்டோடு ஜன்னலருகே நின்ற காட்சியைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. பெயிண்ட் அடிக்கும்போதும், பூச்சு மக்கைத் தாண்டிக் கண்ணாடிமேல் 2 மில்லிமீட்டர் ஏறினால்தான் மழைநீர் இடுக்கில் புகாது. அழகுக்காகச் சரியாக விளிம்போடு நிறுத்துபவர்களின் சட்டம்தான் முதலில் உளுத்துப்போகிறது.

புதுக் கண்ணாடி வந்ததில் ஒரு சிறு நட்டமும் உண்டு. பழைய நாளில் உருக்கிய கண்ணாடியை ஊதிக் குழலாக்கி, நீளவாக்கில் பிளந்து, சூட்டில் விரித்துத் தகடாக்கினார்கள். அதனால் அதில் மெல்லிய அலை இருக்கும். 1959-இல் செயின்ட் ஹெலன்ஸ் ஊரின் பில்கிங்டன் நிறுவனம் உருகிய தகரத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை வெளியிட்ட பின்னர், உலகத்துக் கண்ணாடிகளெல்லாம் சமதளமாயின. இப்போது கூடத்தில் தலையை அசைத்தால், பழைய கண்ணாடியில் தெருவிளக்குக் கம்பம் நெளிகிறது, பக்கத்துப் புதியதில் விறைத்து நிற்கிறது. 1696 முதல் 1851 வரை ஜன்னல்களை எண்ணி வரி விதித்த நாடு இது. வரிக்குப் பயந்து செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள் பழைய தெருக்களில் இன்றும் உள்ளன. ஈஸ்ட் ஹாம் வீடுகள் அந்த வரி ஒழிந்து நெடுநாளுக்குப் பின் கட்டப்பட்டவை ஆதலால், கண்ணாடியைக் கணக்கில்லாமல் வைத்துவிட்டார்கள். அதைத் துடைப்பவன் கணக்குப் பார்க்கிறான்.

இனி, இதே வீட்டில் பழுதான இன்னொன்று, பின்கட்டுச் சமையலறைக் கதவு. அது டபுள் கிளேசிங் வகையைச் சேர்ந்தது: 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டை 16 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, இடையில் ஆர்கான் வாயுவை நிரப்பி, விளிம்பைச் சுற்றி அடைத்த ஒரே பெட்டி. இரண்டையும் பிரிக்கும் உள்ளீடற்ற பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. விளிம்பின் அடைப்பு விட்டுப்போனால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே நுழைகிறது. மணிகள் குடிக்கும் வரை குடித்து ஓய்ந்ததும், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பனி படர்கிறது. உள்ளிருந்து துடைத்தால் போகாது, வெளியிலிருந்து துடைத்தாலும் போகாது. ஓட்டை போட்டு உலர்த்தித் தருகிறோம் என்பவர்கள் உண்டு; பனி சில காலம் மறையலாம், ஆனால் போன வாயு போனதுதான், அடைப்பும் ஒட்டுவதில்லை. பெட்டியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளை நெம்பி எடுத்து, அதை முழுவதும் மாற்றுவதே மருந்து. கதவில் தரையிலிருந்து 1,500 மில்லிமீட்டர் உயரத்துக்குள் வரும் கண்ணாடி, உடைந்தாலும் ஆளைக் கிழிக்காத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், அதன் மூலையில் அழியாத முத்திரையும் இருக்க வேண்டும். சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து உரமேற்றிய அந்தக் கண்ணாடியைப் பிறகு ஒரு நூலளவுகூட வெட்ட முடியாது. வெட்டினால் முழுவதும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அளவெடுப்பவர் டேப்பை மூன்று முறை பிடித்துப் பார்ப்பது பயபக்தியால்தான்.

அளவெடுக்க வந்த நிறுவனத்து ஆள் கதவைப் பார்த்ததைவிட வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றையும் பரிவோடு பார்த்தார். அனைத்தையும் மாற்றிவிடலாமே என்றார். இங்கேதான் பெரியப்பா அவர்கள் ரசிக்கத்தக்க விதி ஒன்று வருகிறது. கண்ணாடியை மட்டும் மாற்றினால் பழுதுபார்ப்பு. சட்டத்தோடு மாற்றினால் 2002 ஏப்ரல் முதல் அது கட்டட விதிகளுக்கு உட்பட்ட பணி, சான்றிதழ் வேண்டும், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்பார். அவ்விதிகளின்படி இப்போது புது ஜன்னலின் வெப்ப இழப்பெண் பொதுவாக 1.4-ஐத் தாண்டக்கூடாது. வெப்ப இழப்பெண்ணாவது, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கையில் ஒரு சதுர மீட்டர் ஜன்னல் வழியே எத்தனை வாட் வெப்பம் ஓடிப்போகிறது என்னும் கணக்கு. ஒற்றைக் கண்ணாடிக்கு இது ஏறக்குறைய 5. எனவே வாயு அடைத்து, ரப்பர் ஓட்டி, இம்மியளவு காற்றும் புகாமல் ஜன்னலை இறுக்குகிறார்கள். இறுக்கிய பிறகு அதன் தலைமாட்டில் ஓட்டை போடுகிறார்கள்.

பெரியப்பா அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிக்க வேண்டியதில்லை, எழுதியது சரிதான். வீடு இறுகிவிட்டால் உள்ளே ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஜன்னலை மாற்றியபின் வீட்டின் காற்றோட்டம் முன்பைவிடக் குறையக்கூடாது என்று 2022 ஜூன் முதல் விதி வந்தது. அதற்கு வழிகாட்டி நூல் சொல்லும் வழி, வசிக்கும் அறைக்கும் சமையலறைக்கும் தலா 8,000 சதுர மில்லிமீட்டர், குளியலறைக்கு 4,000 என்ற அளவில் காற்றுத்துளை வைப்பது. முன்னது ஓர் அஞ்சலட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் அளவுகோல் வைத்து அளக்கும் பரப்பன்று. அந்தத் துளை விடும் அளவுக்குக் காற்றை விடக்கூடிய கற்பனைத் துளை ஒன்றின் பரப்பு. ஆக, ஓட்டையின் அளவு ஓட்டையின் அளவாகாது; அதைச் சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும். சோதித்த துளைக்கு ஒரு மூடி உண்டு. மூடியை மூடாதீர்கள் என்று ஓர் அறிவுரையும் உண்டு. ஜனவரியில் அத்துளையிலிருந்து பிடரியைத் தொடும் காற்று எப்படிப்பட்டது என்று அறிந்த மருமகள், நண்பர் வீட்டில் அந்த அறிவுரையின்மேலேயே டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, பணம் கொடுத்துக் காற்றை அடைத்து, பணம் கொடுத்துக் காற்றைத் திறந்து, பணம் கொடுத்து டேப் வாங்குவதா என்று கேட்டாள். நிறுவனத்து ஆளிடம் இக்கேள்வியை மொழிபெயர்த்தபோது அவர் நெடுநேரம் தம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விதியில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: இட்லி அவிக்கும் நேரத்தில் சமையலறைக் கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்தவர்கள் அதை முற்றிலும் மறுக்க மாட்டார்கள். பட்டாசலில் இந்த வேலையை எந்தச் சான்றிதழும் இல்லாமல் ஓட்டுச் சந்து பார்த்துக்கொள்கிறது.

சாஷ் ஜன்னலில் எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். கயிறு போனால் கயிறு, கண்ணாடி போனால் கண்ணாடி, அடிக்கட்டை உளுத்தால் உளுத்த அளவுக்கு அறுத்துப் புது மரம் ஒட்டு. எடை அப்படியே இருக்கும். செய்தவன், பிறகு ஒருவன் பிரிப்பான் என்று நினைத்துச் செய்திருக்கிறான். அடைத்த பெட்டியைச் செய்தவனோ, பத்தாண்டு உத்தரவாதம் எழுதித் தந்து, அதற்குப் பிறகு யாரும் திறக்கவே வழியில்லாமல் செய்திருக்கிறான். பழுதுபார்க்க ஆள் கேட்டால் வருவதில்லை. மாற்றித் தர ஆள் கேட்காமலேயே வருகிறார்கள். போதாக்குறைக்குக் குளிர்காலம் முழுக்க எல்லாம் மூடியே கிடப்பதால், தெருவில் யார் போனார்கள், யார் வீட்டில் சண்டை என்ற எந்தச் செய்தியும் வீட்டுக்குள் வருவதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை நிறுத்திப் பேச இந்த ஊர் ஜன்னல்களில் கம்பியும் இல்லை, நிற்பவரும் இல்லை.

இந்நிலையில், பட்டாசல் தேக்கு ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு யூ.பி.வி.சி. சறுக்குக் கதவு போடப்போவதாகச் சித்தி வழியாக வந்த தகவல் கவலைக்குரியது. சறுக்குக் கதவில் எப்போது திறந்தாலும் பாதி ஜன்னல் மூடியேதான் இருக்கும். சாரல் காலத்துக் காற்றில் பாதியைப் பணம் கொடுத்துத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு அது. கீழ்க்கதவு ஒன்று தொங்குவது கீல் தேய்ந்ததால்தான், மரம் கெட்டதால் அன்று. ஆசாரியைக் கூப்பிட்டுக் கீலை மட்டும் மாற்றச் சொன்னால் ஒரு பொழுதில் முடியும். கூலியைத் தம்பி மகன் அனுப்பிவைப்பான். பழைய மரம் எடுப்பவரிடம் முன்பணம் ஏதும் வாங்கியிருந்தால், பெரியம்மாவுக்குத் தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தம்பி மகன்