நாலரை இன்ச் மீமாம்சை

படுக்கையறைக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி இரண்டு படுக்கையறை ஆக்கிவிட்டால் வீட்டின் விலை ஏறுமா என்னும் வினா, சென்னை அடுக்ககங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை பஜ்ஜித் தட்டோடு எழுகிறது, திங்கட்கிழமை காலை தண்ணீர் லாரிக் கவலையில் அடங்கிவிடுகிறது. இதை முறைப்படி ஆராயப் புகுந்தார் எவருமிலர். அக்குறை தீர்க்க யாம் துணிந்தோம். இவ்வாய்வுக்கு நிதிநல்கை எதுவும் பெறப்படவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திராது.

ஆய்வுக்களம் வருமாறு: நங்கநல்லூர் வகையைச் சேர்ந்த, 1990களில் எழுந்த, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடம். அதில் ஆயிரம் சதுர அடி வீடு, படுக்கையறை இரண்டு. பெரியது 16க்கு 10, அதாவது 160 சதுர அடி. இனி வரும் கணக்கெல்லாம் இவ்வறையின் மேலேயே நிகழும்.

இப்பொருளில் மூன்று சமயங்கள் உள. முதலாவது துவைதம். இதன் ஆசாரியர் வீட்டுத் தரகர். "டூ பெட்ரூமுக்கு ஒரு பார்ட்டி வந்தா த்ரீ பெட்ரூமுக்கு பத்துப் பார்ட்டி வரும் சார்" என்பது இவர்தம் மகாவாக்கியம். இரண்டாவது அத்வைதம். வீட்டுக்கடனுக்காக வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் இந்நெறியினர். அவர் கண்ணுக்குச் சுவர் மாயை. அப்ரூவ்டு பிளானில் உள்ளதே சத்தியம். பிளானில் இரண்டு, வீட்டில் மூன்று என்றால் அவர் மூன்றாவதைக் காண மாட்டார், கண்டால் 'டீவியேஷன்' என்று எழுதுவார். மூன்றாவது விசிஷ்டாத்வைதம்: அறை ஒன்றே, ஆயினும் நடுவே பீரோவை நிறுத்தி, மிச்ச இடைவெளியில் பழைய புடவையைத் திரையாகக் கட்டி இரண்டெனக் கொள்வது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையுள்ள இல்லங்களில் இச்சமயமே பெருவழக்கு. பீரோவின் முதுகுப்பக்கம் வாய்த்தவர் துணி எடுக்க எதிர்ப்பக்கத்தாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது இதன்கண் உள்ள ஒரே தத்துவச் சிக்கல்.

இனி விலை. சென்னையில் வீடு சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. விவரம் தெரிந்தவர் கூடவே யூடிஎஸ் எவ்வளவு என்பார்; அது நிலத்தில் நமக்குள்ள பிரிபடாப் பங்கு. சுவர் எழுப்பியதால் ஆயிரம் சதுர அடி ஆயிரத்து ஒன்று ஆவதில்லை. யூடிஎஸ் ஓர் அங்குலம் நகர்வதில்லை. மாநகராட்சியின் சொத்து வரியும் பரப்பை வைத்தே. ஆகவே சுவரினால் விலை ஏறாது என்பது முதற்றீர்வு.

அற்றேல், சுவர் தன் அடியில் விழுங்கும் இடம் நட்டமன்றோ எனின், அன்று. என்னை? நாலரை இன்ச் செங்கல்லும் இருபுறப் பூச்சும் சேர்ந்து சுமார் ஆறு இன்ச். பத்தடி நீளத்துக்கு ஐந்து சதுர அடி. சதுர அடி 7,000 ரூபாய் என வைத்துக்கொண்டால் 35,000 ரூபாய் மண்ணில் புதைந்தது போலத் தோன்றும். ஆனால் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், பிரிவு 2(கே), 'கார்ப்பெட் ஏரியா' யாதென வரையறுக்குமிடத்து, வெளிச்சுவரைக் கழித்துவிட்டு உட்புறத் தடுப்புச் சுவர் நிற்கும் இடத்தைச் சேர்த்துக்கொள்கிறது. எனவே அந்த ஐந்து சதுர அடியும் சட்டப்படி கம்பளம் விரிக்கத் தக்க இடமே. சுவருக்கடியில் கம்பளத்தை எவ்வாறு விரிப்பது என்பதை நாடாளுமன்றம் நம் திறமைக்கு விட்டிருக்கிறது. ஆக, சுவர் ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை. அத்வைதி இங்கே ஒரு புன்னகை பூப்பார்.

அப்படியாயின் எதுவரை பிளக்கலாம்? பின்னங்களுக்கெனக் கீழ்வாய் இலக்கம் கண்ட தமிழர்க்கு இது பெரிய கேள்வியன்று. நம் 160 சதுர அடியில் அரைக்கால், எட்டில் ஒன்று, 20 சதுர அடி. ஆறுக்கு மூன்று பாயை விரித்து ஓரத்தில் ஒரு சொம்பு வைக்கலாம். மா என்பது இருபதில் ஒன்று, 8 சதுர அடி, உட்காரலாம், உறங்கலாகாது. காணி, எண்பதில் ஒன்று, 2 சதுர அடி, நிற்கலாம். முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று, அரை சதுர அடி, ஒற்றைக்காலில் நிற்கலாம். இவ்வறையை முந்திரிகளாகப் பிளந்து '320 பிஹெச்கே' என விளம்பரம் கொடுப்பதற்குத் தடையாயிருப்பது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு ஒன்றே. அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின்படி வாழும் அறை ஒன்றுக்கு மேல் இருந்தால், ஒன்று குறைந்தது 9.5 சதுர மீட்டர், மற்றது 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1 மீட்டர் இருக்க வேண்டும். 7.5 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 81 சதுர அடி. நம் அறையைச் சரிபாதியாக்கிச் சுவரைக் கழித்தால் ஆளுக்கு 77½. மூன்றரை சதுர அடியில் தோற்றோம்.

பல அமெரிக்க ஊர்கள் பின்பற்றும் குடியிருப்பு நெறித்தொகுப்போ வாழும் அறைக்கு 70 சதுர அடி போதும் என்கிறது. படுக்கையறையானால் தீப்பிடித்த காலத்து ஆள் வெளியே குதிக்கத் தக்க ஜன்னல் வேண்டும் என்பது அவர்கள் கூடுதல் நிபந்தனை. ஆகவே நங்கநல்லூர்ப் பாதியறை பரப்பளவில் நங்கநல்லூரில் தேறாது, அமெரிக்காவில் தேறும். பிள்ளைகளை அங்கே அனுப்புவதற்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்க. நம் ஜன்னல்களில் கம்பி போட்டிருப்பதால் குதிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

நெறித்தொகுப்பைவிடக் கடுமையான அதிகாரி ஒன்று உண்டு. அது கூரையின் நடுவே தொங்குகிறது.

மேஸ்திரி வந்தார். டேப்பைப் பிடித்து எட்டடியில் பென்சிலால் கோடு போட்டார். தூக்குக் குண்டை மேலிருந்து இறக்க ஸ்டூலில் ஏறியவர், ஏறியபடியே நின்றார். "சார், ஃபேன் வருது." ஆம். அறையின் மையத்தில்தான் ஃபேன் இருக்கும். ஸ்லாப் போடும்போதே கம்பியோடு கட்டிய கொக்கி அது. இரண்டாகப் பிளப்போர் யாவரும் மையத்தில்தான் பிளப்பர். உலகத்துப் படுக்கையறைச் சுவர்கள் யாவும் ஃபேனை நோக்கியே எழுகின்றன என்பதை இவ்வாய்வின் முதல் விதியாகக் கொள்க.

சுவரை நகர்த்தினால் என்? நாலடி வீச்சுள்ள ஃபேனின் இறக்கை, கொக்கியிலிருந்து இரண்டடி போகும். எட்டும் இரண்டும் பத்து. இடிக்காதிருக்க அரையடி. சுவருக்கு அரையடி. மிஞ்சுவது ஐந்தடி. ஏழடிக்குச் சற்றுக் குறைவாக நெறித்தொகுப்பு கேட்கிறது, ஃபேன் ஐந்தடிதான் தருகிறது. அந்த ஐந்தடியில் கட்டில் போட்டால் கதவு திறக்காது. கதவை உள்பக்கம் திறக்க வைத்தால் கட்டில் வெளியே போகும். அக்கட்டிலில் படுக்கப்போகும் இளையவனுக்கு இத்தகவல் சுவர் பூசிக் காய்ந்த பிறகே தெரிவிக்கப்படுவது மரபு.

மேஸ்திரியிடம் மாற்றுவழி இருந்தது: கொக்கியைச் சுவருக்குள் விட்டுவிட்டு, இருபுறமும் புதிதாக டிரில் போட்டு, கேசிங்-கேப்பிங்கில் ஒயர் இழுப்பது. இழுத்தார். ஆனால் சுவிட்ச் போர்டு பழைய கதவருகே, அதாவது அண்ணன் அறையில். தம்பியின் ரெகுலேட்டர் அண்ணன் கையில். இரவு பதினொன்றுக்குச் சுவரைத் தட்டி "மூணுல வை" என்று கேட்கும் ஏற்பாட்டைச் சொத்து மதிப்பில் எப்பத்தியில் எழுதுவது எனத் தெரியவில்லை. ஜன்னல் மூன்று கதவுடையது, ஆளுக்கு ஒன்றரை. நடுக்கதவு சுவரின் விளிம்பில் பாதி திறந்து நிற்கும். அட்டாச்டு பாத்ரூம் யாருக்கு என்பது பற்றி இரு கருத்து உள. இரண்டையும் இங்கே அச்சிட இயலாது.

எடையையும் சொல்லிவிடுவோம், அது மட்டும் விளையாட்டில்லை. பத்தடி நீளம், ஒன்பதரை அடி உயரச் செங்கல் சுவர் பூச்சோடு இரண்டு டன்னுக்குக் குறையாது. அடியில் பீம் இல்லாத ஸ்லாபின் மேல் அதை வைக்குமுன் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்பது கீழ்வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. ஜிப்சம் போர்டு போட்டால் எடைத் தொல்லை இல்லை. ஆனால் அதில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்ட முயன்றவர் காலண்டரையும் போர்டையும் ஒருங்கே இழப்பர்.

இத்துணைக்குப் பிறகும் துவைதி தோற்றாரா எனின், தோற்கவில்லை. அவர் விற்பனையை விட்டு வாடகைக்குத் தாவுவார். அங்கே அலகு மாறிவிடுகிறது. வாடகைக்கு வருபவர் சதுர அடி கேட்பதில்லை, "எத்தனை பெட்ரூம்?" என்கிறார். மாமனாரோடு வருபவர்க்கு இரண்டு பெரிய அறையைவிட மூன்று சிறிய அறை மேல். ஆகவே மாதாமாதம் சில ஆயிரம் கூடக் கிடைப்பது மெய். தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் மென்பொருள் பூங்கா திறந்த பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகப் பெருகிய பிஜி விடுதிகளில் இது இன்னும் ஒரு படி போயிற்று. அங்கே அறைகூட அலகன்று, கட்டில். சுவர் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கட்டில் எத்தனை நிற்கிறது என்பதே கணக்கு. ஹாங்காங்கில் வாடகைக்காக வீடுகளைப் பிளந்து பிளந்து, 2025இல் ஒரு குடியிருப்பு 8 சதுர மீட்டருக்குக் குறையலாகாது எனச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நம் பாதியறை அங்கும் தேறாது.

எனவே விலை சுவரில் இல்லை, எதை வைத்து அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. வாங்குவோர்க்கு அடி, குடியிருப்போர்க்கு அறை, விடுதிக்காரர்க்குக் கட்டில். ஒரே சுவர், முதலிடத்தில் பூச்சியம், அடுத்ததில் பணம், மூன்றாவதில் மீண்டும் பூச்சியம். இதை அறிந்தே கட்டுநர்கள் '2.5 பிஹெச்கே' என்னும் வகையைப் படைத்தனர் போலும். அந்த அரையில் யாரைப் படுக்க வைப்பது, இடுப்புக்கு மேலா கீழா என்பது தனி ஆய்வுக்குரியது.

இறுதியாகக் களத்தில் கண்டது. நம் நங்கநல்லூர் வீடு விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் 'த்ரீ பெட்ரூம்'. பார்க்க வந்த தம்பதியரில் அம்மையார், பாதியறைக்குள் சென்று, நடுச்சுவரை விரல் முட்டியால் இருமுறை தட்டினார்.

"இதை எடுத்துடலாமா? எடுத்தா நல்லா பெருசா இருக்கும்."

வீட்டுக்காரர் வாய் திறக்குமுன் தரகர் முந்தினார். "தாராளமா எடுத்துடலாம்மா. எடுத்தா 16க்கு 10, ராஜா மாதிரி மாஸ்டர் பெட்ரூம்." துவைதியாய் வந்தவர் வாசற்படி தாண்டுவதற்குள் அத்வைதியானார்.

"இடிக்கிற கூலியை ரேட்ல கழிச்சுடுங்க," என்றார் அம்மையாரின் கணவர்.

வீட்டுக்காரர் சற்று யோசித்தார். கூலிக்குச் சம்மதம். ஆனால் இரண்டு டன் கட்டட இடிபாட்டை லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து மூட்டை கட்டி இறக்கி, ஏற்றிக்கொண்டு போகும் குட்டியானைகளின் வாடகை யாருடையது என்பதில் பேரம் இன்னும் நடக்கிறது.