தள்ளி நிறுத்தவும்

அமெரிக்காவில் ஒரு வண்டி விற்றார்கள். குடும்பத்துக்கென்றே செய்தது என்று சொல்லி விற்றார்கள். எந்த மாதிரிக் குடும்பத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை, விற்றவர்களும் சொல்லவில்லை. விடை தெரியச் சில வருடங்கள் ஆயின. வீட்டில் ஒருவராவது தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு.

வண்டியின் பெயர் கிரைஸ்லர் பசிபிகா ஹைப்ரிட். 2017 மாடலாக வந்தது. கனடாவின் வின்சர் நகரத்து ஆலையில் செய்து, ஆற்றைத் தாண்டி டெட்ராய்ட் பக்கம் கொண்டுவந்து நாடெங்கும் அனுப்பினார்கள். நடு வரிசை இருக்கைகளுக்கு அடியில் 16 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி. இரவில் வீட்டு பிளக்கில் செருகிவிட்டுத் தூங்கினால், காலையில் 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் ஓடும். அதற்கு மேல் போக 3.6 லிட்டர் வி6 எஞ்சின் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விட, நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக, மளிகை வாங்கிவர மின்சாரம். விடுமுறைக்கு நயாகரா பார்க்கப் போனால் பெட்ரோல். பிளக் செருகக்கூடிய மினிவேன் அந்த நாட்டில் அப்போது அது ஒன்றுதான்.

காகிதத்தில் இதைவிடக் கெட்டிக்கார வண்டி கிடையாது. காகிதத்தைப் பார்த்துத்தானே மனிதன் வாங்குகிறான்? இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பா அம்மா, நான்கு பெரிய பெட்டி என்று கணக்குப் போட்டு மினிவேனுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கித்தான் புது வண்டியை எடுக்கிறார்கள். அர்ச்சகர் எல்லா தோஷத்துக்கும் மந்திரம் வைத்திருப்பார். பேட்டரிக்குள் மடங்கிப்போன தகட்டுக்கு அவரிடம் என்ன இருக்கும்?

அரசாங்கமும் மனம் குளிர்ந்தது. ஏறத்தாழ 42,000 டாலரில் விலை தொடங்கிய வண்டிக்கு 7,500 டாலர் வரிச்சலுகை கொடுத்தது. பெட்ரோல் குறையும், புகை குறையும், பூமி பிழைக்கும். ஊர்ப் பணத்தில் ஒரு பிளக் வாங்கித் தரப்பட்டது. அந்த பிளக்குக்கு என்ன கதி வந்தது என்பதுதான் மீதிக் கதை.

முதலில் சின்னக் குறைகள். இருக்கைகளை மடித்துத் தரைக்குள் புதைக்கும் வித்தையை 2005 மாடலிலிருந்து கிரைஸ்லர் தன் பெருமையாகச் சொல்லி வந்தது. ஹைப்ரிட்டின் நடு வரிசையில் அந்த வித்தை இல்லை. இருக்கை இறங்க வேண்டிய குழியில் பேட்டரி படுத்திருக்கிறது. இருக்கையைக் கழற்றலாம், தடையில்லை. கழற்றியதைத் தூக்கிச் செல்லும் முதுகெலும்பு மட்டும் உங்களுடையது. ஸ்டெப்னி டயரும் கிடையாது. நடுவழியில் டயர் கிழிந்தால் ஒரு சின்னக் காற்றடிக்கும் இயந்திரமும் ஒரு டப்பா பசையும் உண்டு. ஆணி குத்திய ஓட்டைக்கு அவை போதும், கிழிசலுக்குப் பிரார்த்தனை.

மின்சாரத்தில் மட்டும் ஓடு என்று வண்டிக்கு உத்தரவிட ஒரு பொத்தான் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எப்போது மின்சாரம், எப்போது பெட்ரோல் என்பதை வண்டியே தீர்மானிக்கும். பணம் கட்டியவரின் கருத்து கேட்கப்படாது. கடும் குளிரில் ஹீட்டரைப் போட்டால் பேட்டரி நிறைய இருந்தாலும் எஞ்சின் எழுந்து உட்காரும். மினசோட்டாவில் இருப்பவர் குளிர்காலத்தில் மின்சார வண்டிக்காரராக இருக்க விரும்பினால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட்டலாம்.

பெட்ரோலே போடாமல் சாமர்த்தியமாக ஓட்டுகிறவருக்குத் தனித் தண்டனை ஒன்று உண்டு. டாங்க்கில் பெட்ரோல் பழசாகிவிட்டது, எஞ்சின் எண்ணெயில் ஈரம் சேர்ந்துவிட்டது என்று வண்டிக்குத் தோன்றினால், பேட்டரி நிரம்பியிருக்கும்போதே எஞ்சினை ஓட்டத் தொடங்கிவிடும். எரிபொருளையும் எண்ணெயையும் புதுப்பிக்கும் ஏற்பாடாம். பொறியியல்படி அதில் நியாயம் உண்டு. ஓடாத எஞ்சின் கெட்டுத்தான் போகும். ஆனால் தினமும் பத்து மைல் போய் வருகிறவரின் வண்டியில் எண்ணெய் சூடேறி ஈரம் போவதற்குள் வீடு வந்துவிடுகிறது. மறுநாள் மறுபடியும் ஆரம்பம். சிக்கனமாக இருந்தவனைப் பிடித்து வைத்துப் பெட்ரோல் எரிக்கச் சொல்லும் இந்த நீதியை எந்த ராஜாவின் சபையிலும் பார்த்ததில்லை.

இவற்றையெல்லாம் மனிதர்கள் பொறுத்துக்கொண்டார்கள். குடும்பம் என்றால் பொறுத்துப்போவதுதானே! அப்புறம் நிறுவனத்திடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின.

2017 ஜூனில், வண்டி சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில், குறையைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைக்கும் முதல் ரீகால். இன்வெர்ட்டர் பகுதியில் ஒரு சின்னப் பாகம் பழுதானால் ஓடும்போதே வண்டி இழுவை இழந்து நின்றுவிடலாம். 2020 ஜூனில் இன்னொன்று: 12 வோல்ட் பேட்டரி இணைப்பில் தீப்பிடிக்கும் ஆபத்து, அமெரிக்காவில் மட்டும் 27,000 வண்டிகளுக்கு மேல். 2022 பிப்ரவரியில் பெரிய பேட்டரிக்கே: 2017, 2018 மாடல்களில் 16,741 வண்டிகள். 12 வண்டிகள் எரிந்திருந்தன. ஒன்றுகூட ஓடிக்கொண்டிருக்கவில்லை. எல்லாமே நிறுத்தி, அணைத்து, சாவியை எடுத்துவிட்டுப் போன வண்டிகள். 2023 ஜனவரியில் 67,118 வண்டிகள். கியர் பெட்டி ஒயரிங்கில் ஷார்ட் ஆகி எஞ்சின் ஓட்டத்திலேயே அணைந்துவிடலாம். 2024 ஜூலையில் மறுபடி பெரிய பேட்டரி. 2017 முதல் 2021 வரையிலான மாடல்களில் 19,485 வண்டிகள், ஏழு தீ விபத்துகள், புகையை மூச்சில் இழுத்துப் பாதிக்கப்பட்டவர்கள் நான்கு பேர். பேட்டரிச் செல்லுக்குள் தகட்டின் காது மடங்கியோ கிழிந்தோ இருக்கிறதாம்.

ஆக, ஓடும்போது நின்றுவிடலாம், நிற்கும்போது எரிந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில் குடும்பம் நிம்மதியாக இருக்கலாம்.

பேட்டரி ரீகாலில் சொன்ன அறிவுரை இதுதான்: சரிசெய்யும் வரை சார்ஜ் போடாதீர்கள். வீட்டையும் மற்ற வண்டிகளையும் விட்டுத் தள்ளி, வெளியே நிறுத்துங்கள். கடிதம் கிடைத்தவர்கள் மனதில் எழும் கேள்விகளுக்கு நிறுவனத்தின் சார்பில் யாரும் நேராகப் பதில் சொல்லாததால், பொதுநலம் கருதி நானே சொல்லிவிடுகிறேன்.

சார்ஜ் போடக் கூடாதென்றால் இந்த வண்டி என்ன வண்டி? பெட்ரோல் வண்டி. கூடுதலாக ஒரு பெரிய பேட்டரியையும் ஊர் ஊராகச் சுமந்து போகும் பெட்ரோல் வண்டி. நீங்கள் அதற்கு டிரைவர், சுமைகூலியும் நீங்களே கொடுக்கிறீர்கள்.

கராஜில் ஆயிரக்கணக்கில் செலவழித்து சார்ஜர் மாட்டினேனே? சுவரில் ஒரு அழகான பொருளாக இருக்கட்டும். குழந்தைகளுக்கு அறிவியல் ஆர்வம் வளரும்.

தள்ளி நிறுத்த இடமில்லை, அடுக்குமாடியில் இருக்கிறேன்? அண்டை வீட்டாரில் உங்களுக்குப் பிடிக்காதவர் யாராவது இருப்பார்.

அதில் பிள்ளைகளை உட்கார வைக்கலாமா? தாராளமாக. பேட்டரி அவர்கள் காலடியில்தான் இருக்கிறது. சுவரோடு ஒட்டி நிறுத்தினால் வீட்டுக்கு ஆபத்து என்பதில்தான் கவலையெல்லாம். சுவருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். பிள்ளைக்கு அப்பா அம்மா மட்டும்தான் இருக்கிறார்கள்.

எப்போது சரிசெய்வீர்கள்? தீர்வு தயாரானதும் தெரிவிக்கப்படும்.

அது எப்போது தயாராகும்? தெரிவிக்கப்பட்டதும் தெரியும்.

சிரிப்பு இதோடு போதும். 2022இல் கடிதம் வாங்கியவர்கள் தீர்வுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்த தீர்வு என்ன? பேட்டரியைச் சோதிப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது, தேவைப்பட்டால் மாற்றுவது. தேவைப்படுகிறதா என்று தீர்மானிப்பது யார்? செய்தவரே. அதற்கு ஒரு வருடம் முன்புதான் ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவ்ரோலெட் போல்ட் மின்சாரக் கார்கள் முழுவதையும், ஏறத்தாழ 1,42,000 வண்டிகளை, ரீகால் செய்திருந்தது. அங்கும் எல்ஜி பேட்டரி, இங்கும் எல்ஜி பேட்டரி. அங்கும் செல்லுக்குள் கிழிந்த தகட்டுக் காது. அந்தச் செலவில் 190 கோடி டாலர் வரை எல்ஜியிடமிருந்து பெற ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. அதாவது கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் இன்னொரு கம்பெனி ஈடு கட்டும். குடும்பத்துக்கு நஷ்டம் வந்தால் யார் கட்டுவது? பசிபிகா வைத்திருந்தவர்கள் அதைக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். பல வழக்குகளை 2022இல் மிச்சிகன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். வழக்கு நடக்கிற வேகத்தில் வண்டியின் மாதத் தவணை நடக்காது. அது ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் வரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பாதுகாப்புக் குறைக்கு நிறுவனம் இலவசமாகத் தீர்வு தர வேண்டும்: பழுது நீக்கலாம், வேறு வண்டி தரலாம், அல்லது பணத்தைத் திருப்பலாம். மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற உரிமை குறையோடு விற்றவரிடம் இருக்கிறது. சரிசெய்யும் வரை ஓட்ட மாற்று வண்டி கொடுத்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. காத்திருக்கும் மாதங்களுக்கு ஈடு என்ற பேச்சும் இல்லை. குற்றவாளியையே கூப்பிட்டு, மூன்று தண்டனைகளில் உனக்கு வசதியானதை எடுத்துக்கொள், அவசரமில்லை என்று சொல்கிற கோர்ட் வேறெங்கே இருக்கிறது?

இந்த நிறுவனம் ஒன்றும் புதுமுகமும் அல்ல. 23 ரீகால்களைச் சரியாக நடத்தவில்லை என்று 2015இல் இதே நிறுவனத்துக்கு, அன்றைய பெயர் ஃபியட் கிரைஸ்லர், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 10.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. பாடம் கற்றார்களா? கற்றார்கள். 2021இல் பிரெஞ்சுக் குழுமத்தோடு சேர்ந்து பெயரை ஸ்டெல்லாண்டிஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். வண்டிக்காரர்கள் வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 2023இல், அந்தக் குழுமத்தின் நிகர லாபம் 1,860 கோடி யூரோ. அதுவரை காணாத லாபம். அந்த ஆண்டுக்குத் தலைமை நிர்வாகி கார்லோஸ் டவாரஸுக்கு ஒதுக்கிய ஊதியம் 3.65 கோடி யூரோ. அவருடைய வண்டி எங்கே நிறுத்தப்பட்டிருந்தது என்று பங்குதாரர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

வேண்டாமென்றால் வேறு கம்பெனியிடம் போகலாமே என்பார்கள். போனார்கள். 2021 மாடலிலிருந்து டொயோட்டா சியன்னா முழுக்க ஹைப்ரிட். பிளக் கிடையாது, அதனால் அந்த பிளக்கின் தொல்லையும் கிடையாது. ஆனால் வண்டியும் கிடையாது. பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கிடைத்த இடத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் ஆயிரக்கணக்கான டாலரை டீலர் தன் பங்குக்கு ஒட்டி வைத்திருந்தார். ஒருவர் பயத்தை விற்றார், இன்னொருவர் அந்தப் பயத்தை வைத்துப் பற்றாக்குறையை விற்றார். சந்தைப் போட்டி நுகர்வோரைக் காக்கும் என்று பாடப்புத்தகம் எழுதியவர் பேருந்தில் போகிறவராக இருக்க வேண்டும்.

கூகுளின் சகோதர நிறுவனமான வேமோ, டிரைவர் இல்லாமல் ஓட்டிப் பார்க்க இதே பசிபிகா ஹைப்ரிட்டைத்தான் நூற்றுக்கணக்கில் வாங்கியது. 2018இல் 62,000 வரை வாங்கப்போவதாக அறிவிப்பும் வந்தது. சில வருடங்களில் அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வேறு வண்டிக்கு மாறிக்கொண்டது. கம்பெனிக்கு வண்டி என்பது ஒரு சோதனை, முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். குடும்பத்துக்கு அது ஐந்தாறு வருடக் கடன். ரீகால் செய்தி வந்த மறுநாள் அதை விற்கப் போனால் என்ன விலை கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நேர்மையானவன் அதை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டவும் மாட்டான். இந்த வியாபாரத்தில் மனசாட்சிக்கும் நஷ்டம் அவனுக்குத்தான்.

இத்தனைக்கும் மின்சார வண்டியே தவறு என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பெட்ரோலை விட்டுவிட நினைத்த குடும்பங்கள் தப்பு செய்யவில்லை. அவர்கள் செருகினார்கள், சார்ஜ் போட்டார்கள், சொன்னபடி நடந்தார்கள். சொன்னவர்கள்தான் நடக்கவில்லை. புதுத் தொழில்நுட்பத்தில் பிசகு வரும். வந்த பிசகின் பாரத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. இந்த ஏற்பாட்டில் லாபம் கம்பெனிக்கு, சலுகைச் செலவு ஊருக்கு, தூக்கம் கெடுவது வீட்டுக்கு.

இதை மாற்ற ஒரே வரியில் ஒரு சட்டம் போதும். சார்ஜ் போடாதே, வீட்டருகே நிறுத்தாதே என்று நிறுவனம் கடிதம் எழுதிய தேதியிலிருந்து, சரிசெய்து சாவியைக் கையில் கொடுக்கும் தேதி வரை, அந்த வண்டியின் மாதத் தவணையையும் இன்ஷூரன்ஸையும் அதே நிறுவனம் கட்ட வேண்டும்; தவறினால் அரசு கொடுத்த 7,500 டாலரையும் வட்டியோடு கருவூலத்தில் கட்ட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். காரணம் இன்னும் ஆராயப்படுகிறது என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு ஒரு பொறியாளரும் எழுதமாட்டார். கணக்குப் பிரிவு எழுத விடாது.