நெஸ்டமோல்ட் டின் குத்திகளின் சந்தைப் பெறுமதி: ஒரு வெள்ளவத்தை – கொட்டாஞ்சேனை ஒப்பாய்வு

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் பழைய காசு எங்கே இருக்கும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. சாமித் தட்டுக்குக் கீழே, நெஸ்டமோல்ட் டின்னில், பூட்டில்லாத சாவிகளோடும் சட்டைப் பொத்தான்களோடும் கிடக்கும். சர்ச்சை முழுவதும் அதன் பெறுமதி பற்றியதே. உரிமையாளர் (இக்கட்டுரையில் இனிப் 'பெரியம்மா') அதைச் சொத்து என்கிறார். கைபேசியில் இணைய விலைப்பட்டியல் பார்க்கும் பெறாமகனும் அதையே வழிமொழிகிறான். வாங்க வருபவர் மட்டும் உடன்படுவதில்லை.

முன்னோடி ஆய்வுகள் உதவவில்லை. எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட பெருநூல் யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசு வரை அலசியது. நெஸ்டமோல்ட் டின் அவர் ஆய்வெல்லைக்குள் வரவில்லை.

நமது முதன்மைச் சான்று, விளிம்பு நெளிந்த இரண்டு சதம். இலங்கையின் புழக்கக் காசுகளில் இரண்டாம் எலிசபெத்தின் முகம் பதிந்தது இதில் மட்டுந்தான். அதுவும் 1955, 1957 என்று இரண்டே ஆண்டுகள். "ஒரேயொரு காசிலதான் ராணி இருக்கிறா எண்டால், அது அருமையான காசுதானே தம்பி?" என்பது பெரியம்மாவின் கருதுகோள். தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரேயொரு காசைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

இங்கேதான் இணையப் பட்டியலின் முதல் ஓட்டை. நுமிஸ்டா போன்ற தளம் ஒவ்வொரு குத்திக்கும் 0 முதல் 100 வரை அருமைச் சுட்டெண் தருகிறது. அதற்கு அடிப்படை, அங்கத்தவர்கள் தம்மிடம் இருப்பதாகப் பதிந்துவைத்த சேகரிப்புகள். பெரியம்மா அங்கத்தவர் அல்லர். ஹம்டன் லேனில் எந்தப் பெரியம்மாவும் அங்கத்தவர் அல்லர். ஆகவே உலகிலுள்ள இரண்டு சதங்களில் பெரும்பங்கு எந்தக் கணக்கிலும் சேராமல் டின்களில் உறங்குகிறது. குடிசன மதிப்பீட்டுக்காரர் கதவைத் தட்டாத வீடுகளை விட்டுவிட்டு ஊரில் ஆளே இல்லை என்று எழுதியது போலத்தான் இது.

அடுத்தது தரம். பட்டியலில் கண்ணைப் பறிக்கும் விலை எப்போதும் கடைசி நிரலில் இருக்கும்: பாவனைக்கே போகாத குத்திக்கு உரியது. பெறாமகன் முதலில் பார்ப்பதும் அந்த நிரலைத்தான். நமது குத்தியோ பேருந்து நடத்துநர், மீன்காரர், கோயில் உண்டியல் என்று எல்லார் கையிலும் புரண்டு வந்தது. போதாததற்கு, விற்கப் போகும் முதல்நாள் பெரியம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்தார். குத்துவிளக்குக்குச் செய்யும் அதே மரியாதை. நாணயம் சேர்ப்போர் அறுபது ஆண்டு அழுக்கை மன்னிப்பார்கள். ஒரு நிமிடப் புளியை மன்னிக்க மாட்டார்கள். தேய்த்து மினுக்கிய காசின் மேற்பரப்பு போய்விட்டது என்பது அவர்கள் சித்தாந்தம். இதைப் பெரியம்மாவிடம் விளக்க முயன்றோம். "ஊத்தையா இருந்தால்தான் விலையோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நாணயவியலில் திருப்தியான பதில் இல்லை.

நாணயமாற்று விகிதம் தனி அதிசயம். வெளிநாட்டு விலைகள் டொலரில் இருப்பதால், 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாவாக இருந்தது மே மாதத்தில் 360 அளவுக்குப் போனபோது, டின்னுக்குள் இருந்த ஐந்து சதமும் மூடியைத் திறக்காமலே உயர்ந்தது. நாடு வங்குரோத்தான மாதங்களில் பெரியம்மா கணக்கின்படி செல்வந்தரானார். அதை எடுத்துக்கொண்டு காஸ் சிலிண்டர் வரிசையில் நிற்க முடியவில்லை என்பது மட்டுமே குறை.

விளம்பரங்களில் காணும் இலட்சங்களைச் சான்றாகக் கொள்ளலாகாது. அவை கேட்ட விலை. கொடுத்த விலை அல்ல. இந்தியாவில் இந்த நோய் முற்றி, பழைய காசு வாங்குவதாகத் தன் பெயரையே சொல்லிக் கட்டணம் பறிப்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது.

வெள்ளிக் காசு விதிவிலக்கு. செட்டியார் தெருவில் ராஜாவின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, தராசில் போடுவார்கள். 1919 முதல் வந்த ஐம்பது சதத்தில் வெள்ளி 55 வீதந்தான் என்பதையும் சேர்த்தே கழிப்பார்கள். மனம் நோகும், கணக்கு நோகாது.

கள ஆய்வின் இரண்டாம் கட்டம் கொட்டாஞ்சேனை. அங்கே வியாபாரி டின்னைக் குலுக்கினார், திறக்கவில்லை. "அம்மா, பித்தளை விலைக்கு எண்டா கிலோவா எடுக்கிறன். அலுமினியச் சதம் வேற கணக்கு." மாவட்டம் மாவட்டமாக 2013 என்று பொறித்த பத்து ரூபாக்கள் இருபத்தைந்தும் முழுத் தொகுதியாக இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். ஒன்று குறைந்தது. எந்த மாவட்டம் என்பதில் வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.

எனவே இணையப் பட்டியல் முற்றிலும் நம்பத்தகாதது என்று முடிவுகட்ட முடியாது. விற்கும் எண்ணம் எவருக்கும் இல்லாத இடத்தில் அது துல்லியமாக வேலை செய்கிறது. பெறாமகன் பட்டியலைப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டான். அன்றிரவே ஸ்கார்பரோவிலிருந்து சின்னமாமா அழைத்து, டின் தன் அப்பாவுடையது என்று நினைவூட்டித் தன் பங்கைக் கேட்டார். டொலரில் கேட்டார்.