சிஸ்டம் அண்ணன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் எந்த ஆலைக்குள் போனாலும் கேட்டை ஒட்டி டைம் ஆபீஸ் என்று ஓர் அறை இருக்கும். வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் அங்கேதான். அந்த அறையில், கைப்பிடி உடைந்த நாற்காலியில், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும். ஷிப்டில் இருக்கிறவர்களுக்கு அவர் சிஸ்டம் அண்ணன்.

தொண்ணூறுகளில் திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் ஆறு மாதம் டி.சி.ஏ. படித்தவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் பயபக்தியோடு போய்க் கற்ற படிப்பு. டாஸ், வேர்ட்ஸ்டார், ஃபாக்ஸ்ப்ரோ என்று அப்போது சொல்லிக்கொடுத்த மூன்றில் ஒன்றுக்கும் இன்று ஆலையில் வேலை கிடையாது. ஆனால் அந்தப் பயபக்தி மட்டும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. இப்போது அதை எதிரே நிற்பவர்களிடம் எதிர்பார்க்கிறார்.

தமிழகத்தின் கணினிப் புரட்சியிலும் தமக்குப் பங்குண்டு என்பார். இலவச மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது வேறெங்கோ இல்லை, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான். இவர் அன்றைக்குக் கூட்டத்தில் நின்றிருந்தாராம். பங்கு அவ்வளவுதான்.

அண்ணனின் போதனா முறை தனித்தன்மை உள்ளது. புரியாத ஒரு சொல்லுக்கு அதைவிடப் புரியாத இன்னொரு சொல்லால் பொருள் சொல்வார்.

"ணா, பி.எஃப். பக்கம் தெறக்கவே மாட்டேங்குது ணா."

"கேச் கிளியர் பண்ணியா?"

"கேச்னா இன்னா ணா?"

"குக்கீஸ் இருக்குதுல்ல, அது கூடவே வர்றது."

"குக்கீஸ்னா?"

"பிரவுசர் ஹிஸ்டரிபா. இதுகூடத் தெரியாம எதுக்குபா ஆண்ட்ராய்டு போன் வெச்சினு கீறே?"

கேட்டவர் தலையாட்டிவிட்டு, தெரியாத மூன்று சொற்களோடு மிஷினுக்குத் திரும்புவார். உண்மையில் மூன்றும் மூன்று. நீங்கள் பார்த்த பக்கத்தின் படங்களையும் பிற துண்டுகளையும் மறுபடி இறக்கவேண்டாம் என்று போன் எடுத்து வைத்துக்கொள்ளும் நகல்தான் கேச். வலைத்தளம் உங்களை அடையாளம் கண்டுகொள்ள உங்கள் போனிலேயே விட்டுச்செல்லும் சிறு குறிப்பு குக்கி. எங்கெல்லாம் போனீர்கள் என்ற பட்டியல் ஹிஸ்டரி. பழைய நகல் சிக்கிக்கொண்டு புதிய பக்கத்தை மறைப்பது உண்டு. அப்போது கேச்சைத் துடைத்தால் சரியாகிவிடும். பத்தில் ஏதோ இரண்டு தடவை பலித்த இந்த வைத்தியத்தை அண்ணன் பத்துக்கும் எழுதிக்கொடுக்கிறார். போன மாதம் ஓவர்டைம் நாலு மணி நேரம் குறைகிறது என்று கேட்டவருக்கும் அதே மருந்துதான்.

போட்டோ விஷயத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்காக அப்பாக்கள் வந்து நிற்பார்கள். படம் 20 கேபிக்கும் 50 கேபிக்கும் நடுவில் இருக்கவேண்டும் என்று திரை கேட்கும். ஒரு கேபி என்பது 1024 பைட். 1024 கேபி சேர்ந்தால் ஒரு எம்பி. இன்றைய போனில் எடுக்கிற ஒரு படம் சாதாரணமாக 4 எம்பி வரும், அதாவது கேட்ட அதிகபட்ச அளவைப்போல எண்பது மடங்கு. பாஸ்போர்ட் சைஸ்தானே, சின்னப் படம்தானே என்று அப்பாக்களுக்குக் குழப்பம். அண்ணன் தெளியவைப்பார்: "கிட்ட நின்னு எடுத்திருக்கே. நாலடி தள்ளி நின்னு எடு, சைஸ் கம்மியாவும்." தள்ளி நின்றால் முகம்தான் சின்னதாகும், படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இதைச் சொல்லிக்கொண்டே அவர் கை பெயின்டைத் திறந்து, ரீசைஸை அமுக்கி, சதவீதத்தைக் குறைத்து, சரியான அளவுக்குக் கொண்டுவந்திருக்கும். அவர் விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது.

அவர் நிஜமாகவே வியர்வை சிந்தும் இடம் பெயர்தான். 2014இல் யு.ஏ.என். வந்தது. அதற்கு முன் கம்பெனி மாறினால் பி.எஃப். எண்ணும் மாறும், இப்போது எத்தனை கம்பெனி மாறினாலும் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரே எண். ஆதாருக்கும் பன்னிரண்டு இலக்கம் என்பதால் இதைக் கேட்டால் அதைச் சொல்கிறவர்கள் உண்டு, அது தனிக்கதை. எண் ஒன்றானாலும் பெயர் ஒன்றாவதில்லை: ஆதாரில் எஸ் முருகன், பி.எஃப்.இல் முருகன் எஸ், வங்கியில் எஸ் புள்ளி முருகன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று அம்மாவும் மேஸ்திரியும் சத்தியம் செய்வார்கள். கணினி செய்யாது. அதற்குள் எழுத்தே இல்லை, எண்கள்தான்: எஸ் என்றால் 83, எம் என்றால் 77, புள்ளிக்கு 46, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்துக்குக்கூட 32. முதல் எண் 83ஆ 77ஆ என்று பார்க்கும்போதே ஆள் வேறாகிவிடுகிறார். தகப்பன் பெயரை ஓர் எழுத்தாக்கி முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று நாம் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானிக்காமல் விட்டது, கடைசியில் ஒரு ரோலிங் மில் ஹெல்பரின் பணத்தில் வந்து நிற்கிறது.

ஆலையில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்களுக்கு இனிஷியல் சிக்கல் இல்லை. அவர்களுக்கு அண்ணனே சிக்கல். வேலைக்குச் சேர்ந்த அன்று வாய்வழியாகக் கேட்டு பெஹேரா, பெஹரா, பெகரா என்று காதில் விழுந்தபடியெல்லாம் தட்டியவர் அவர்தானே. "எவன்பா இப்படி என்ட்ரி போட்டது?" என்று முழு கோபத்தோடு கத்திக்கொண்டே பெயரைத் திருத்தக் கேட்கும் ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவத்தை நிரப்பத் தொடங்குவார்.

கேப்ட்சா வந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையில் மூக்கு படும்படி குனிவார். எதிரே இருப்பது எந்திரமா மனிதனா என்று சோதிக்கக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பெயர் சூட்டிய பரீட்சை அது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்தவனிடம் கேட்கக்கூடிய கேள்விதானா அது? தீயணைப்பு ஹைட்ரன்ட் இருக்கும் கட்டங்களைத் தொடு என்று சில சமயம் படம் காட்டும். நம் ஊர்த் தெருவில் அதைப் பார்த்தவர்கள் அபூர்வம். சிப்காட் ஆட்கள் மட்டும் தயங்காமல் தொடுவார்கள். ஆலைக்குள் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள்.

ஓடிபி வரும்போதுதான் அண்ணன் யாரென்று தெரியும். ஒடிசாக்காரர்கள் ஆதாரோடு சேர்த்த சிம் பெரும்பாலும் ஊரில் மனைவி கையில் இருக்கும். எண் வந்து சில நிமிடத்துக்குள் அடித்தாகவேண்டும், தப்பினால் செல்லாது. போனில் கஞ்சம் மாவட்டத்து அம்மாள் ஒடியாவில் சொல்லச் சொல்ல இவர் தட்டுவார்: ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச. ஒடியாவில் ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியாதவர் எண்களை மட்டும் பிசகாமல் கற்றிருக்கிறார். "ஓடிபி யாருக்கும் சொல்லாதே, சொன்னா அக்கவுன்ட் காலி" என்று சுவரில் அவரே ஒட்டிய தாள் பக்கத்திலேயே படபடக்கும். அறிவுரை சரிதான், வங்கியென்று சொல்லி எவன் கேட்டாலும் சொல்லக்கூடாதுதான். யாருக்கும் என்பதில் தான் அடக்கமில்லை என்பது அண்ணனின் கட்சி.

போன வருடம் கஞ்சம் பக்கத்துப் பையன் ஒருவன் ஹெல்பராகச் சேர்ந்தான். பிளஸ் டூ படித்தவன். யாரையும் கேட்காமல் சாப்பாட்டு இடைவேளையில் உமங் ஆப்பில் தன் பி.எஃப். பாஸ்புக்கைத் தானே பார்த்தான். மறுநாள் அவனைச் சுற்றி நாலு பேர். அதற்கடுத்த நாள் டைம் ஆபீஸ் வாசலில் கூட்டமே இல்லை. அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சூப்பர்வைசரிடம் சொல்லிப் பையனைத் தன் அறைக்கே இழுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு ஸ்டூல். இப்போது விவரம் நிரப்புவது, படம் சுருக்குவது, ஊருக்குப் போன் போடுவது எல்லாம் அவன்தான். சப்மிட் பட்டன் மட்டும் அண்ணனுடையது. அதில் யார் கையும் படக்கூடாது.

எல்லாம் முடிந்ததும் பையன் குரல் கொடுப்பான். அண்ணன் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்து, தலையாட்டி, சப்மிட்டை அமுக்குவார். செஷன் முடிந்துவிட்டது, மறுபடி லாகின் செய்யவும் என்று திரை சொல்லும். உள்ளே போனவர் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்தால் ஆள் போய்விட்டார் என்று தளமே கதவைச் சாத்திவிடும். நிரப்பியதும் அதோடு போகும்.

அண்ணன் பையனைத் திரும்பிப் பார்ப்பார்.

"எங்கேயோ தப்புப் பண்ணிட்டே பாரு. மொதல்லேர்ந்து போடு."