ஃபிராங்க்ஃபர்ட் அண்ணன்

ஜனவரியில் கரூர் ஏற்றுமதியாளர்கள் ஹெய்ம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சிக்காக ஃபிராங்க்ஃபர்ட் கிளம்பும் விமானத்தில் இந்த அண்ணன் கட்டாயம் இருப்பார். கோட்டுக்குள் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்குள் இன்னொரு ஸ்வெட்டர், பெட்டியில் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும். முதல்தடவை வருகிற பையன் கண்ணில் பட்டால் போதும், பக்கத்துச் சீட்டுக்காரரை எழுப்பி இடம் மாற்றிக்கொள்வார்.

"தம்பி, அந்த ஊர்ல நேரந்தானுங்க முக்கியம். பத்து மணின்னா ஒம்பது அம்பத்தஞ்சுக்கு நிக்கோணும்."

அவர் சொல்வது எல்லாமே சரியாக இருக்கும். அதுதான் கொடுமை. ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது. ஆனால் டிக்கெட் இல்லாமல் மாட்டினால் 60 யூரோ தண்டம். ஓட்டலில் வெறுமனே தண்ணீர் கேட்டால் சோடா வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். இந்தக் கடைசித் தகவலை மட்டும் அவர் தகவலோடு விடுவதில்லை. மாலையில் அரங்கிலிருந்து வெளியே வரும்போது சாம்பிள் பை நிறையப் பாட்டில்கள். கன்டெய்னர் கணக்கில் சரக்கு அனுப்புகிற மனுஷன் சூப்பர் மார்க்கெட் எந்திரத்தின் வாயில் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, ரசீதைச் சரிபார்த்து வாங்கிக்கொள்வார்.

ராத்திரி பதினொன்றுக்கு, வண்டி வாசனையே இல்லாத ரோட்டில், சிவப்பு விளக்குக்காகத் தம்பிகளை நிற்க வைப்பார். "நம்மளப் பாத்துக் குழந்தைங்க கெட்டுப்போயிருமாமுங்க." ஜெர்மானியர்கள் அப்படிச் சொல்வது உண்மைதான். அந்தக் குளிரில், அந்நேரத்தில், எந்தக் குழந்தை வந்து பார்க்கப்போகிறது என்று கேட்கத்தான் யாருக்கும் துணிச்சல் வராது.

ஆனால் மறுநாள் ஸ்டாலில் பையர் அம்மா வந்து உட்கார்ந்ததும், நடத்திய பாடமெல்லாம் அண்ணனுக்கே மறந்துவிடும்.

அந்த அம்மா கிச்சன் டவலைத் தடவிப் பார்த்து, "இந்தக் கலர் நல்லா இல்லை" என்பார். துணியைப் பற்றிய பேச்சு, வேறொன்றுமில்லை. அண்ணனுக்கோ சம்பந்தி வீட்டார் சாம்பாரைக் குறை சொன்னதுபோல முகம் விழுந்துவிடும். அடுத்தது டெலிவரி தேதி. மார்ச் 15 ஆகுமா? ஆகாது. அதை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? தலையை இரண்டு பக்கமும் இதமாக ஆட்டுவார். சாயப்பட்டறையிலிருந்து நூல் வரவேண்டும், பொங்கலுக்குப் போன டெய்லர்கள் திரும்பவேண்டும், மேலே இருக்கிறவன் மனசு வைக்கவேண்டும், இத்தனையும் அந்த ஆட்டலில் அடக்கம். அந்த அம்மா நோட்டில் குறித்துக்கொள்வது மார்ச் 15 என்பதை மட்டுமே. சாயங்காலத்துக்குள் அது மின்னஞ்சலாகவும் வந்துவிடும்.

2025-இல் கண்காட்சி தொடங்கிய ஜனவரி 14, பொங்கல் நாள். அந்த மாதிரி வருஷத்தில் அண்ணனைப் பிடிக்க முடியாது. அறையில் ரைஸ் குக்கரில் பொங்கிய சர்க்கரைப் பொங்கல் டப்பாவில் ஸ்டாலுக்கு வந்துவிடும். பையர் அம்மாவுக்கு ஒரு கப். அவர் ஸ்பூனை வாயில் வைத்ததும் விசாரணை தொடங்கும்: முழங்கால் வலி தேவலையா, மகளுக்கு வேலை கிடைத்ததா, பேரனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? "சொந்த விஷயத்தைக் கிளறக்கூடாது" என்று விமானத்தில் நோட்டில் எழுதிக்கொண்ட தம்பி, பக்கத்தில் வேர்த்துப்போய் நிற்பான்.

பையர் அம்மா கைபேசியை எடுப்பார். போலீஸைக் கூப்பிடத்தான் என்று தம்பி நினைக்கும்போது, பேரன் படம் வரும். அப்புறம் முழங்கால் ஆபரேஷன் கதை. கதை முடிவதற்குள் கலரும் ஒருவழியாக ஒத்துப்போய், போன வருஷத்தைவிடப் பெரிய ஆர்டராக எழுதிவிட்டு எழுந்து போவார்.

"அண்ணா, சொந்த விஷயம் கேக்கக்கூடாதுன்னீங்களே?"

அண்ணன் டப்பாவின் ஓரத்தை வழித்துக்கொண்டே சொல்வார்: "நீங்க கேக்கக்கூடாதுங்க தம்பி. நா மூணு தடவை லேட்டா சரக்கு அனுப்பித் திட்டு வாங்குனவன், நாங் கேக்கலாம்."